தோட்டத்து ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சர்வீஸ் காசு: அம்மா அப்பாவுக்காக முதல்முறை அலையப் போகிறவர்களுக்கு

தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து விலகி ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு எழுதிப்போட்டு, அது மாதக்கணக்கில் வராமல் இருந்தால், "கொழும்புல கிடப்புல போட்டுட்டாங்க" என்பதுதான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கேட்கும் முதல் பேச்சு. கொழும்பிலும் தாமதம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, தோட்ட ஆபீஸ் அலுமாரியிலும் வீட்டுத் தகரப் பெட்டியிலும் சிக்கிக் கிடக்கும் காசுதான் அதிகம். பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. அடையாள அட்டை இலக்கம் கணக்கில் ஏறவே இல்லை. இரண்டு வருடப் பணம் நிர்வாகம் கட்டவே இல்லை, அது யாருக்கும் தெரியாது. இவை எல்லாம் பேர் வெட்டிய பிறகுதான், அதாவது வேலைப் பதிவிலிருந்து பெயரை எடுத்த பிறகுதான், வெளியே வருகின்றன. அப்போது திருத்தித் தர வேண்டிய கிளார்க் மாறிப் போயிருப்பார், சில இடங்களில் கம்பனியே மாறிப் போயிருக்கும்.

அதனால் காசு எடுக்கும் வயது, அம்மாவுக்கு ஐம்பது, அப்பாவுக்கு ஐம்பத்தைந்து, நெருங்குவதற்கு நாலைந்து வருடம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கொழும்பிலோ ஹட்டனிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது இரண்டு நாள் இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

முதலில், எது எந்தக் காசு

மூன்று காசு இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒரே கவுண்டரில் போய் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் கழியும், நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதம் போடும். பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி. யாருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பது தொழில் திணைக்களம். விண்ணப்பம் போவது ஒரு இடத்துக்கு, காசு வருவது இன்னொரு இடத்திலிருந்து என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் யாரிடம் கேட்பது என்பது அதைப் பொறுத்தது.

ஈ.டி.எப்., அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். இதில் தொழிலாளியிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது, நிர்வாகம் மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். இதை நடத்துவது தனியான ஒரு சபை. விண்ணப்பப் படிவமும் வேறு.

மூன்றாவது பணிக்கொடை. தோட்டத்தில் சேவைக்காலப் பணம், சர்வீஸ் காசு என்றால்தான் புரியும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இது எந்த நிதியிலும் சேர்ந்து கிடப்பதில்லை. தோட்ட நிர்வாகம் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆகவே மூன்றிலும் அதிகம் இழுபடுவது இதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கியது. அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 20 பேர் (ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை) விழுந்தால் சம்பளம் 27,000. அம்மாவிடம் கழிவது 2,160. தோட்டம் போட வேண்டியது 3,240. ஆக ஈ.பி.எப். கணக்கில் அந்த மாதம் 5,400 ஏற வேண்டும். ஈ.டி.எப்.பில் 810. சேவைக்காலப் பணம் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 1,350 ரூபாய்க்கு அது 18,900. முப்பது வருடம் நிறைந்தவருக்கு 567,000 ரூபாய். இந்த மூன்றாவது தொகையைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், அல்லது கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அப்பா கணக்கப்பிள்ளையாகவோ ஆபீஸ் கிளார்க்காகவோ பதவி உயர்ந்தவர் என்றால் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். தோட்டச் சேவையாளர்களுக்கு ஈ.எஸ்.பி.எஸ். என்று தனிச் சேமலாப நிதி இருக்கிறது, சிலருக்கு சி.பி.பி.எஸ். தொழிலாளியாக இருந்த காலத்துப் பணம் ஈ.பி.எப்.பிலும், ஸ்டாப் (சேவையாளர்) ஆன பிறகான பணம் அங்கேயும் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்துபோனவர்கள் உண்டு.

"அரசாங்க வேலைக்காரருக்கு மாதிரி மாசாமாசம் பென்ஷன் இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை. 2011இல் தனியார் துறைக்கு ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்று வந்தது. கட்டுநாயக்க வர்த்தக வலயத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார், அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. ஆகவே மொத்தமாக ஒருமுறை வரும் இந்தக் காசுதான் ஒரு தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கு இருக்கிற ஒரே பெரிய பணம்.

கைக்காசு ஆளுக்கும் உண்டு

ஓய்வு பெற்ற பிறகு கைக்காசுக்கு, அதாவது வேலைக்குக் கையோடு காசு வாங்கிக்கொண்டு, கொழுந்து எடுப்பவர்கள், பதிவு இல்லாமல் வேலை செய்யும் இளசுகள், இவர்களிடம் "தற்காலிக ஆளுக்கு ஈ.பி.எப். கிடையாது" என்று சொல்வது வழக்கம். அது சரியல்ல. தற்காலிகம், நாட்கூலி, துண்டு வேலை எதுவானாலும், வேலை கொடுப்பவர் என்று ஒருவர் இருந்து அவரிடம் நீங்கள் தொழிலாளி என்றால், முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப். உண்டு. கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிக்கும் இதே கதைதான். ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் கடையென்றாலும் கட்ட வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களைச் சட்டம் வெளியே விட்டிருக்கிறது. மலையகப் பெண்கள் இத்தனை பேர் அந்த வேலைக்குப் போகும்போது, இது பெரிய ஓட்டைதான்.

மலையைப் பங்கு பிரித்து, உரம் மருந்துக்குக் கழித்துக்கொண்டு, கொழுந்துக்குக் கிலோ விலை தரும் முறை சில தோட்டங்களில் வந்திருக்கிறது. அதில் கையெழுத்து வைக்கும் முன், ஒப்பந்தத்தில் உங்களைத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறதா, ஈ.பி.எப். தொடருமா என்று கேளுங்கள். மாத வருமானம் கொஞ்சம் கூடிய மாதிரித் தெரியும், ஆனால் ஈ.பி.எப். 20 சதவீதமும் ஈ.டி.எப். 3 சதவீதமும் சர்வீஸ் காசின் 14 நாளும் சத்தமில்லாமல் போய்விடலாம்.

முதல் படி: பெட்டியைத் திறந்து கடதாசிகளை எடுங்கள்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டுகள், ஈ.பி.எப். கணக்குக்கூற்று, பழைய பி அட்டை (ஈ.பி.எப். உறுப்பினர் அட்டை) இருந்தால் அது, வங்கிப் புத்தகம். இவற்றை ஒரு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரையும் பிறந்த திகதியையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

இங்கேதான் தலைவலி ஆரம்பிக்கும். செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) 'லெச்சிமி'. அடையாள அட்டையில் 'லட்சுமி', முன்னெழுத்து அப்பாவின் பெயரில். ஈ.பி.எப். கூற்றில் 'லெட்சிமி', முன்னெழுத்து புருஷன் பெயரில். விவாகச் சான்றிதழில் 'முத்துலெட்சுமி'. ஊருக்கே தெரியும் இது ஒரே ஆள்தான் என்று. கணினிக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க், அதைச் சிங்களத்துக்கு மாற்றிய அலுவலர், திரும்பத் தமிழுக்கு மாற்றிய இன்னொருவர் என்று ஆளுக்கு ஒரு எழுத்தை மாற்றியிருப்பார்கள்.

இதற்குப் பின்னால் நம்முடைய வரலாறும் இருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் நம்மவர்களைப் பங்குபோட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அடையாள அட்டை இல்லாமலே வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய ஈ.பி.எப். கணக்கில் பெயரும் உறுப்பினர் இலக்கமும் மட்டும்தான் இருக்கும். அட்டை கிடைத்த பிறகு அந்த இலக்கத்தைக் கணக்கில் ஏற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின் 'எக்ஸ்' இருந்து, பிறகு 'வி' ஆனவர்களும் உண்டு. 2016இலிருந்து வரும் புதிய அட்டைகளில் பன்னிரண்டு இலக்கம். எது கணக்கில் ஏறியிருக்கிறது, ஏதாவது ஏறியிருக்கிறதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: கூற்றை வரி வரியாகப் பாருங்கள்

சம்பளத் துண்டில் 8 சதவீதம் கழித்திருப்பது, பணம் மத்திய வங்கிக்குப் போனதற்கு அத்தாட்சி அல்ல. கழித்ததற்கு மட்டும்தான் அத்தாட்சி. போனதா என்பதைக் கணக்குக்கூற்றுதான் சொல்லும். ஆகவே தோட்ட ஆபீஸில் கூற்றைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அடையாள அட்டையோடு தொழில் காரியாலயத்தில் கேட்கலாம்.

கையில் கிடைத்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாமல், எந்தெந்த மாதம் விழவில்லை என்று பாருங்கள். ஒரு மாதத்துப் பணத்தை நிர்வாகம் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் தாமதத்தைப் பொறுத்து 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் அவர்கள் தலையில் விழும். வெற்று மாதங்கள் இருந்தால், அந்த மாதத்துச் சம்பளத் துண்டுகளைத் தேடி எடுத்துத் தனியாகக் குத்தி வையுங்கள். சம்பளத் துண்டைக் கடைச் சாமான் சுற்ற விடாதீர்கள். பிறகு வழக்கு என்று வந்தால் அதுதான் ஆயுதம்.

இன்னொன்று, கணக்குகள் பல இருக்கலாம். ஒவ்வொரு தொழில் இடத்துக்கும் ஓர் இலக்கம், அதற்குள் ஓர் உறுப்பினர் இலக்கம். அம்மா கல்யாணத்துக்கு முன் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்திருந்தால், அங்கே ஒரு கணக்கு சும்மா கிடக்கலாம். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 2.5 சதவீதம். உண்மையில் அதைவிட நிறையக் கொடுக்கிறார்கள். 2022க்கு 9, 2023க்கு 13 சதவீதம். பழைய இலக்கங்கள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதினால்தான் சேர்த்து எடுக்கலாம்.

வீட்டுக் கடன் எடுத்தவர்கள் கூற்றில் கழிவு இருக்கிறதா பார்க்க வேண்டும். ஈ.பி.எப்.பைப் பிணை வைத்து வங்கியில் கடன் எடுத்து, தவணை கட்டாமல் விட்டால், அந்தத் தொகை உறுப்பினர் கணக்கிலிருந்தே வங்கிக்குப் போய்விடும். "கட்டி முடிச்சிட்டோம்" என்று அப்பா சொல்வார். ஆபீஸ் சம்பளத்தில் கழித்தது வங்கிக்குப் போனதா என்பது வேறு கதை.

மூன்றாவது: பெயரைத் திருத்துங்கள், வேலையில் இருக்கும்போதே

அடையாள அட்டைதான் அடிப்படை. மற்றவை அதற்கு ஒத்துப்போக வேண்டும். அட்டையிலேயே பிழை என்றால் முதலில் கிராம உத்தியோகத்தர் மூலமாக ஆட்பதிவுத் திணைக்களத்தில் அதைத் திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாதவர்களுக்கு அனுமான வயதுச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அட்டை சரி, ஈ.பி.எப். கணக்கில்தான் பிழை என்றால், நிர்வாகத்தின் கடிதமும் அட்டைப் பிரதியும் சேர்த்துத் தொழில் திணைக்களத்தில் திருத்தம் கேட்கலாம். இந்தக் கடிதத்தில் துரை (தோட்ட முகாமையாளர்) கையெழுத்து வைக்க வேண்டும். வேலையில் இருக்கும் ஆளுக்கு அது கிடைப்பது வேறு, பேர் வெட்டிய ஆளுக்குக் கிடைப்பது வேறு. பழைய ஆவணங்களைத் திருத்த முடியாத இடத்தில், "இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடிக்கலாம். அதில் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஒன்றை விட்டால் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள்.

படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. "சிங்களப் படிவம்தான் இருக்கு" என்றால், இல்லை என்று எழுதித்தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் உள்ளேயிருந்து ஒன்று வரும்.

நான்காவது: பின்னுரித்தாளி

தான் இறந்தால் இந்தக் காசு யாருக்கு என்று உறுப்பினர் எழுதி வைப்பதுதான் பின்னுரித்தாளி நியமனம். வேலைக்குச் சேரும்போது, ஈ.பி.எப். பதிவுக்கான ஏபிஎச் படிவத்திலேயே கேட்டிருப்பார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்த அப்பா அங்கே தன் அம்மாவின் பெயரைப் போட்டிருப்பார். பாட்டி போய் இருபது வருடம் ஆகியிருக்கும். இதைப் புதுப்பிக்கச் சொன்னால் சில அப்பாக்களுக்குக் கோபம் வரும், "நான் சாகணும்னு பாக்கிறியா" என்பார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள், அம்மாவை விட்டுச் சொல்ல வையுங்கள். ஈ.டி.எப்.புக்கும் தனியாக நியமனம் தேவை.

நியமனம் சரியாக இருந்தால், மரணத்துக்குப் பிறகு எல் படிவம், மரணச் சான்றிதழ், பின்னுரித்தாளியின் அட்டை, வங்கிக் கணக்கு என்று காரியம் நேராகப் போகும். நியமனம் இல்லாவிட்டால் வாரிசுகள் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். இந்தியாவுக்குப் போன அண்ணன், மத்திய கிழக்கில் இருக்கும் தங்கை, பேச்சுவார்த்தை இல்லாத மச்சான், எல்லோருடைய சம்மதமும் தேடி அலைய வேண்டும், தகராறு என்றால் கோர்ட்டு வரை போகும். சேவைக்காலப் பணம் மட்டும் பின்னுரித்தாளிக்கு அல்ல, சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். இரண்டும் ஒன்றென்று நினைத்துக் குடும்பங்கள் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது: எப்போது, எப்படி விலகுவது

ஈ.பி.எப். எடுக்க பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. வேலையை விட்டிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நிர்வாகம் ஒருவரை ஓய்வுபெறச் செய்யக்கூடிய குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 60க்குக் கொண்டுபோனது. அதனால் "இனி 60லதான் ஈ.பி.எப்." என்று ஒரு வதந்தி பரவியது. ஐம்பதில் துரை அம்மாவை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதுதான் அந்தச் சட்டம். அம்மாவாக விலகி, காசை எடுப்பதை அது தடுக்கவில்லை.

வயதுக்கு முன்பும் எடுக்கலாம்: நிரந்தர இயலாமை, வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுதல், ஓய்வூதியம் உள்ள அரச வேலை கிடைத்தல், பெண்களுக்குக் கல்யாணம். இந்தக் கடைசி விஷயத்தில் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. கல்யாணச் செலவுக்கென்று மகளை வேலையிலிருந்து நிறுத்தி ஈ.பி.எப். எடுத்துவிட்டு, அடுத்த வருடம் புருஷன் தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிகிறார்கள். சேமிப்புப் போனது மட்டும் அல்ல, சேவைக்காலமும் அறுந்துபோகிறது. சேவைக்காலப் பணத்துக்கு ஒரே நிர்வாகத்தில் ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். நாலு வருடத்தில் விலகியவருக்கு ஒன்றும் இல்லை. நகைக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கிற விலை இது.

அவசரம் என்றால், விலகாமலே எடுக்க ஒரு வழி இருக்கிறது. பத்து வருடம் பணம் கட்டியிருந்து, கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் இருந்தால், வீட்டுக்கோ குறிப்பிட்ட பெரிய வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம், உச்சம் 20 இலட்சம். லயத்தில் இருப்பவரிடம் காணிப் பத்திரம் ஏது? அதனால் வீட்டுக் காரணம் நம்மவர்களுக்கு இலேசில் சரிவருவதில்லை. வைத்தியக் காரணத்துக்கு அந்தத் தடை இல்லை. ஈ.டி.எப்.பிலும் இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை போன்றவற்றுக்கு உதவி உண்டு, பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிலும் உண்டு. உறுப்பினராக இருந்தும் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

விலகும்போது கடிதம் கொடுங்கள். வாய்ப்பேச்சில் விலகாதீர்கள். "இன்ன திகதி முதல் சேவையிலிருந்து விலகுகிறேன், எனது ஈ.பி.எப்., ஈ.டி.எப்., பணிக்கொடை ஆகியவற்றைப் பெற ஆவன செய்யவும்" என்று நாலு வரி போதும். பிரதியில் ஆபீஸ் சீல் வாங்குங்கள். விலகும் திகதியிலிருந்துதான், நிர்வாகம் சேவைக்காலப் பணத்தைக் கொடுக்க வேண்டிய 30 நாள் எண்ணப்படும். கூடவே சேவைச் சான்றுக் கடிதம் ஒன்று, பேர் பதிந்த திகதியும் விலகிய திகதியும் போட்டு.

ஆறாவது: விண்ணப்பம்

ஈ.பி.எப்.புக்கு கே படிவம். வேலை செய்த இடம் எந்தத் தொழில் காரியாலயத்துக்குக் கீழ் வருகிறதோ அங்கே கொடுக்க வேண்டும். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்தாருக்கு ஹட்டன் காரியாலயம். போகும் முன் எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், ஒரு நாள் பேர் மிச்சமாகும். வங்கிக் கணக்கு உறுப்பினரின் தனிப் பெயரில், அட்டையில் இருக்கும் அதே பெயரில், இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். பல வருடம் தொடாத கணக்கைக் கொடுத்தால் காசு போய்த் திரும்பி வந்துவிடும்.

கைரேகை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் கொழுந்து பறித்த பெருவிரலைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நகத்தின் ஓரத்திலிருந்து நடுவரை கறுப்பாய்ச் சாயம் படிந்து, தோல் குறுக்கும் நெடுக்கும் வெடித்து, ரேகை இருக்க வேண்டிய இடம் மழமழவென்று தேய்ந்திருக்கும். மையைத் தொட்டு வைத்தால் ஒரு கறுப்பு வட்டம்தான் விழும். ஆகவே நாலைந்து நாள் முன்பே மலைக்குப் போவதை நிறுத்தி, இரவில் தேங்காய் எண்ணெய் பூசி, எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவி வாருங்கள். மை கொஞ்சமாக, அழுத்தாமல், உருட்டி வைக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்றால், முன்பு பதிவில் எப்படிப் போட்டாரோ அப்படியே போட வேண்டும்.

இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. காரியாலய வாசலில் "சீக்கிரம் எடுத்துத் தாறேன்" என்று நிற்கும் ஆட்களுக்குக் கமிஷன் கொடுக்கத் தேவையில்லை. தோட்டத் தலைவரோ தொழிற்சங்க மாவட்டக் காரியாலயமோ படிவம் நிரப்ப உதவும். அந்த உதவி நல்லதுதான், ஆனால் மூலப் பத்திரங்களை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள். கடைக்காரரோ வட்டிக்காரரோ கடனுக்காக ஈ.பி.எப். கடதாசிகளை வாங்கி வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காசைக் கடன்காரர் சட்டப்படி பறிமுதல் செய்ய முடியாது.

ஈ.டி.எப். விண்ணப்பத்தை அதே கிழமையில் முடித்துவிடுங்கள். வேலை மாறும்போதே இதை எடுக்கலாம், ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்ததற்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இழுத்தடித்தால்

சேவைக்காலப் பணத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கட்டம் வரும். 30 நாள் தாண்டினால் மிகைக்கட்டணம்: முதல் மாதத் தாமதத்துக்கு 10 சதவீதம், அப்படியே ஏறி ஒரு வருடத்துக்கு மேல் போனால் 30 சதவீதம். இது தொழிலாளிக்கே சேரும். ஆபீஸில் இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். "கம்பனியில காசு இல்ல, தவணையில தாறோம்" என்பார்கள். வேறு வழியில்லாமல் வாங்கினாலும், பற்றுச்சீட்டில் "பகுதித் தொகை, மீதி வர வேண்டியுள்ளது" என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளில் வைக்காதீர்கள். சேட்டை செய்தான், லீவு போட்டான் என்று காரணம் சொல்லிக் குறைக்கவும் முடியாது. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே நிர்வாகச் சொத்துக்குச் சேதம், அல்லது சொத்தை இழக்கச் செய்தல் என்று வேலை போனால் மட்டும், அந்த நட்டத்தின் அளவுக்குக் கழிக்கலாம்.

முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். பதில் இல்லாவிட்டால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு. அவர்கள் இரு தரப்பையும் விசாரணைக்கு அழைப்பார்கள். சம்பளத் துண்டுகளைக் கொண்டுபோக வேண்டிய நாள் அதுதான். அதற்கும் அசையாத நிர்வாகத்துக்கு எதிராக, தொழில் ஆணையாளர் தொகையைச் சான்றுப்படுத்தி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே அது தண்டப்பணம் மாதிரியே அறவிடப்படும். ஈ.பி.எப். நிலுவைக்கும் இதே வழிதான். இந்த வழியில் தொழிலாளி சட்டத்தரணி வைக்க வேண்டியதில்லை, வழக்கை நடத்துவது திணைக்களம்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் என்றால் தொழில் நியாய சபைக்கும் போகலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். "துரை பேசி முடிக்கிறேன்னு சொன்னார்" என்று காத்திருந்து இந்த ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவைப் போட்டுவிடுங்கள்.

முறைப்பாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் போடுங்கள், தமிழிலேயே. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எனது கோவை இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, இத்தோட்டம் எந்தெந்த மாதங்களுக்கு எனக்காகப் பணம் செலுத்தவில்லை" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பத்துப் பக்கம் முறையிட்டால் பதில் வராது.

காசு வந்த பிறகும் ஒரு வேலை

கணக்கில் விழுந்ததும், விழுந்த தொகையைக் கடைசிக் கூற்றோடு ஒப்பிடுங்கள். விலகிய கடைசி மாதங்களின் பணத்தை நிர்வாகம் பிந்திக் கட்டியிருந்தால், அல்லது முறைப்பாட்டில் வசூலான நிலுவை பிறகு வந்து சேர்ந்தால், அது மீதியாகக் கணக்கில் தங்கிவிடும். தானாக வீடு தேடி வராது. முதல் கொடுப்பனவின் கடிதத்தையும் இலக்கத்தையும் இணைத்து, மீதிக்கு இன்னொருமுறை விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பணம் கிடைத்தது என்று கடதாசிகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். கே படிவத்தின் பிரதி, சீல் வைத்த விலகல் கடிதம், கடைசி சம்பளத் துண்டுகள், இந்த மூன்றும் இன்னும் இரண்டு மூன்று வருடம் அந்தப் பெட்டியில் இருக்கட்டும். விலகிய வருடம் முடிந்ததும் ஒருமுறை தொழில் காரியாலயத்தில் மீதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.